தண்ணீர் ஏறட்டும் என்று இருந்தேன்

மூன்று வருடம் அவரை நான் சார் என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். மரியாதையெல்லாம் இல்லை, வாய்ப்பழக்கம்.

மதுரையில் அவர் நடத்திய நிறுவனத்தில் நாங்கள் ஐந்து பேர் வேலை செய்தோம். செயற்கைக்கோள் எடுக்கும் படங்களை இறக்கி, அவற்றைப் படித்து, கேட்பவர்களுக்கு வரைபடமாகவும் அறிக்கையாகவும் செய்து கொடுப்பது தொழில். வாரம் முழுக்க மதுரையில் விடுதி. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து, பழனிசெட்டிபட்டியில் அம்மாவிடம். அப்படி ஓடிக்கொண்டிருந்த நாட்களில் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தே ஒரு வேலை வந்தது.

சின்னமனூரைத் தாண்டி ஒரு பெரிய கண்மாய் இருக்கிறது. நிறைந்து நிற்கும்போது கரையிலிருந்து பார்த்தால் எதிர்ப்பக்கத்துத் தென்னைகள் தீக்குச்சி அளவுக்குத்தான் தெரியும். கோடையில் தண்ணீர் உள்வாங்க உள்வாங்க, வெளியே வரும் ஈர நிலத்தில் சுற்றுவட்டாரக் குடும்பங்கள் வெள்ளரியும் தட்டாம்பயறும் போடுவார்கள். அந்த நிலத்தை உள்வாய் என்போம். மேகமலையில் மழை பிடித்து, ஆற்றிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் திறந்ததும் கண்மாய் மறுபடி ஏறும். எப்போது ஏறும், எதுவரை ஏறும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. உள்வாய் தட்டையான நிலம். தண்ணீர் ஒரு சாண் உயர்ந்தால் அதன் விளிம்பு பல பாத்திகளைத் தாண்டி வந்துவிடும். மடைக்குப் பக்கத்தில் நட்டிருந்த அளவுக்கல்லில் எண்கள் தேய்ந்து போய் வெகுகாலம். பத்து நாள் முன்கூட்டித் தெரிந்தால் காயைப் பறித்துக்கொண்டு ஏறிவிடலாம். அதைச் செயற்கைக்கோளை வைத்துக் கணித்து, செல்போனில் செய்தியாக அனுப்ப முடியுமா என்று ஒரு தொண்டு நிறுவனம் கேட்டு வந்தது.

சார் என்னைப் பார்த்தார். "உங்க ஊர்ப் பக்கம்தானேம்மா. நீயே பாத்துக்க."

பார்த்துக்கொண்டேன். கோடை முழுக்க அந்தக் கண்மாயின் வறண்ட பக்கங்களில் கருவியோடு நடந்து, எங்கே பள்ளம், எங்கே மேடு என்று அளந்தேன். தண்ணீரின் பரப்பு தெரிந்தால் மட்டம் தெரியும் என்கிற அளவுக்கு அந்தத் தரையை மனப்பாடம் செய்தேன். பரப்பைத்தான் படம் சொல்லும். மழைக்காலத்தில் மேகம் மூடிவிடும் என்பதால் ரேடார் வைத்த செயற்கைக்கோளின் படம்தான் எங்களுக்கு. அது அனுப்பும் அலை அமைதியான தண்ணீரில் பட்டால் வழுக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விடும், திரும்பி வராது. அதனால் தண்ணீர் கறுப்பாக விழும். நிலம் சாம்பலாக விழும். கறுப்பு கூடுகிறதா குறைகிறதா, மலையில் எவ்வளவு மழை, ஆறு எவ்வளவு வருகிறது, இவற்றைச் சேர்த்துப் பத்து நாள் கணக்குப் போட்டேன்.

முதல் வருடம் ஆடியில் எல்லாம் தப்பாகப் போனது. கறுப்பு படத்துக்குப் படம் குறைந்தது. கண்மாய் வற்றுகிறது என்று என் கணக்கு சொன்னது. நம்ப முடியாமல் நேரிலேயே போனேன்.

உள்வாயில் புடவைக்கு மேலே ஆண் சட்டை போட்டுக்கொண்டு ஒரு அக்கா வெள்ளரி பறித்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர் இருப்பார். தண்ணீர் வற்றுகிறதா என்று கேட்டேன்.

"வத்துதா? எவ சொன்னா?"

"சாட்டிலைட் படம் அப்படிக் காட்டுதுக்கா."

"படத்துக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? இந்தா நிக்கிதுல்ல, போன வாரம் நின்ன எடத்துலயே."

அவர் சொன்னது சரிதான். நான் நின்று பார்த்தேன். கம்பம் கணவாய்ப் பக்கமிருந்து இறங்கிய ஆடிக்காற்று என் துப்பட்டாவைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. கண்மாய் முழுக்க அலை. அப்போதுதான் புத்தியில் உறைத்தது. தண்ணீர் கலைந்து அலையடித்தால் ரேடார் வழுக்கிப் போகாது, மோதித் திரும்பும். தண்ணீரை நிலம் என்று படம் காட்டும். எங்கள் பள்ளத்தாக்கில் தண்ணீர் ஏறுகிற காலமும் காற்று அடிக்கிற காலமும் ஒன்று. எந்த மாதங்கள் முக்கியமோ அந்த மாதங்களில்தான் அந்தப் படம் பொய் சொல்லும்.

அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு. நானும் அந்த அக்காவும் உள்வாயில் பள்ளத்திலிருந்து கரைப் பக்கமாக வரிசையாகச் சுண்ணாம்பு அடித்த கற்களை நட்டோம். செயற்கைக்கோள் கடக்கும் நாளில் காலையில் அவருக்குப் போன் போடுவேன்.

"அலை இருக்காக்கா?"

"பேயாட்டம் அடிக்கிது. மூணாவது கல்லு நனைஞ்சிருச்சு. போன வையி, வேல கெடக்கு."

அவ்வளவுதான் பேச்சு. அதை ஒரு நீள நோட்டில் எழுதி, படத்தைக் கையால் திருத்திவிட்டுத்தான் கணக்கில் சேர்ப்பேன். இரண்டாவது வருடம் நான் சொன்ன நாளில், சொன்ன இடத்தில் தண்ணீர் வந்து நின்றது. மூன்றாவது வருடமும் அப்படியே. சாரிடம் ஒரு தடவை சொன்னேன், "காத்து அடிக்கிறப்ப படம் தப்பா வருது சார், நான் சரி பண்ணிக்கிறேன்" என்று. அவர் போனில் இருந்தார். போ போ என்று கையை ஆட்டினார்.

மூன்றாவது வருடக் கடைசியில் மதுரையில் ஒரு ஹோட்டல் அரங்கத்தில் கூட்டம். தொண்டு நிறுவனத்துக்காரர்கள், வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள், இரண்டு கல்லூரிப் பேராசிரியர்கள். சார் மேடையில் திரைக்குப் பக்கத்தில் நின்று பேசினார். படம், வரைபடம், பத்து நாள் கணிப்பு, எல்லாம் நான் செய்தவை. எல்லாவற்றின் கீழும் அவர் பெயர் மட்டும் இருந்தது. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அவருடைய நிறுவனம், அவருடைய திரை.

ஒரு பேராசிரியர் கேட்டார்: "காற்று அதிகமுள்ள இடத்தில் ரேடார் ஏமாற்றுமே. உங்களுக்கு எப்படி இவ்வளவு சரியாக வருகிறது?"

சார் யோசிக்கவே இல்லை. "அது என்னோட அல்காரிதம்."

நான் கை தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று தெரியவில்லை, கை தானாகப் போனது. சார் சிரித்தபடி அரங்கத்தைப் பார்த்துச் சொன்னார்: "அந்தப் பொண்ணு எங்க ஆபீஸ்ல டேட்டா என்ட்ரி பண்ணுது. ஏம்மா, டீ வந்துருச்சான்னு பாரு."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். டீ வந்திருந்தது. திரும்பி வந்து, வந்துவிட்டது என்று தலையாட்டினேன். அவர் சொன்னதைவிட நான் போய்ப் பார்த்ததுதான் இன்றுவரை எரிகிறது.

மறுநாள் அவருடைய அறையில் போய்க் கேட்டேன். அவர் நிதானமாகத்தான் பேசினார்.

"நீ பட்டன் அமுக்குன. யோசிச்சது நான். உங்க ஊர்ல போயி நாலு பொம்பளைங்ககிட்டப் பேசிட்டு வந்தா அது சயின்ஸ் ஆயிருமாம்மா?"

அந்த வாரமே வேலையை விட்டேன். போகும்போது ஒப்படைக்க வேண்டியவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். கணினியில் இருந்த அத்தனையும் கொடுத்தேன், ஒரு கோப்பு குறையாமல். நோட்டை யாரும் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. நானாகச் சொல்லவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "சண்ட போட்டுட்டு வந்தியா, அழுதுட்டு வந்தியா?"

"ரெண்டும் இல்லம்மா."

"அப்ப இனிமேத்தான் இருக்கு."

இனிமேல்தான் இருந்தது. தேனியில் நில அளவை வரைபடம் போடும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பகலில் அடுத்தவர் வீட்டு மனைகளுக்குக் கோடு போட்டேன், மனம் ஆடியை எண்ணிக்கொண்டிருந்தது. அந்த ரேடார் படங்களை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. ஆனி பிறந்து காற்று கிளம்பியதும் ஒரு காலையில் படத்தைத் திறந்தேன். கண்மாயின் மேற்குப் பாதி முழுக்கச் சாம்பல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்னத்தடி கம்ப்யூட்டரப் பாத்துச் சிரிக்கிற?"

"ஒண்ணுமில்லம்மா. ஒருத்தருக்குக் காத்து அடிக்க ஆரம்பிச்சிருச்சு."

இந்தப் படத்தை நம்பி சாரின் கணக்கு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் இன்னும் வற்றும் என்று சொல்லும். மேகமலையிலோ மழை கனத்துக்கொண்டிருந்தது. உண்மையில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் அவர் எந்த நாளில் விழுவார் என்பதைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். அந்த ஆசையில்தான் மூன்று மாதம் கழித்து அக்காவுக்குப் போன் போட்டேன்.

"என்ன தாயி, போனையே காணோம். மெசேஜ் மட்டும் கரெக்டாப் போடுற."

"என்ன மெசேஜ்க்கா?"

"நேத்துக்கூடப் போட்டிருந்தியே. தண்ணி இன்னும் உள்வாங்கும், பத்து நாளைக்குப் பயமில்லன்னு. ஒன் பேச்ச நம்பித்தான் எல்லாரும் காயப் பறிக்காம விட்டுருக்காக. நான் நாலாவது கல்லுக்குங் கீழ தட்டாம்பயறு ஊண்டிருக்கேன்."

தொண்டு நிறுவனத்தின் பெயரில் வரும் செய்தியை அவர்கள் என் செய்தி என்று நினைத்திருந்தார்கள். நான் வேலையை விட்டதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. "சரிக்கா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டேன்.

ஏன் என்று ஒளிக்காமல் எழுதுகிறேன். இப்போதே சொன்னால் எல்லாரும் காயைப் பறித்துக்கொண்டு ஏறிவிடுவார்கள். யாருக்கும் நஷ்டம் இருக்காது. சாரின் கணிப்பு ஒரு சின்னத் தவறாகப் போய்விடும். ஒரு வருத்தம் தெரிவித்துவிட்டுத் தப்பித்துவிடுவார். அவர் விழ வேண்டுமென்றால் தண்ணீர் எதன்மேலாவது ஏற வேண்டும். ஏறட்டும் என்று இருந்தேன். இரண்டு நாள் அப்படியே இருந்தேன். சாப்பிட்டேன், தூங்கினேன், கடையில் கோடு போட்டேன். மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால் மனம் குளிர்ந்தது.

மூன்றாவது நாள் காலையில் அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். ஈர மண்ணில் இரண்டிரண்டு இலையாகப் பயறு. கூடவே அவர் குரல்: "பாரு தாயி, மொளச்சிருச்சு."  கடைக்குப் போகாமல் சின்னமனூர் பஸ்ஸில் ஏறினேன்.

அவர் பாத்தியில் குனிந்து நின்றிருந்தார். நான் மூச்சு வாங்கச் சொன்னேன்.

"அக்கா, எல்லாத்தையும் பறிச்சிருங்க. தண்ணி ஏறப் போகுது. நாளைக்கோ நாளன்னைக்கோ."

"மெசேஜுல அப்பிடி இல்லையே."

"அது என் மெசேஜ் இல்லக்கா. நான் அங்கன வேலையில இல்ல. விட்டு மூணு மாசமாச்சு."

அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்துக் கேட்டார், "அன்னைக்கி போன்ல பேசுனப்பவே ஒனக்குத் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியும்" என்றேன்.

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "ஏ, வாங்கடி எல்லாரும்" என்று கத்திக்கொண்டு பக்கத்துப் பாத்திகளுக்கு ஓடினார். சாயங்காலம்வரை காய் பறித்தார்கள். பிஞ்சும் முற்றலும் ஒன்றாகச் சாக்கில் விழுந்தன. நானும் பறித்தேன். விஷயம் அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.  தண்ணீர்ச் செம்பு வரிசையாகக் கைமாறி வந்தது, என்னிடம் வரும்போது தாண்டிப் போனது.

மறுநாள் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. அதற்கு மறுநாள் காலை நான் கரையில் நின்று பார்த்தபோது நாலாவது கல்லுக்குக் கீழே ஒன்றுமே இல்லை, கலங்கல் தண்ணீர் மட்டும். அக்காவின் பயறும் அதற்குள்தான். பறிக்க ஆள் போதாத வெள்ளரிப் பாத்திகள் பலவும் உள்ளே போயிருந்தன. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெட்கமும் கூடவே இருந்தது, ஆனால் முதலில் வந்தது சந்தோஷம்தான்.

அடுத்த வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் தொண்டு நிறுவனம் கூட்டம் போட்டது. உள்வாய்க்காரர்கள் கொதித்துப் போய் வந்திருந்தார்கள். சாரும் மதுரையிலிருந்து காரில் வந்தார். மைக்கைப் பிடித்து, செயற்கைக்கோளில் கோளாறு, சிக்னல் சரியில்லை, அது நம் கையில் இல்லை என்றார். நான் கடைசி வரிசையிலிருந்து எழுந்தேன், நோட்டோடு.

"சார், செய்தி அனுப்புன அன்னைக்குப் படத்துல கண்மாய் மேற்குப் பாதி என்னவா இருந்துச்சு?"

என்னை எதிர்பார்க்கவில்லை. முகம் ஒரு கணம் அவிழ்ந்து மறுபடி கட்டிக்கொண்டது. "டெக்னிகல் விஷயத்த இங்க பேச வேணாம்மா."

"நெலமுன்னு இருந்துச்சு. அந்த எடத்துல அன்னைக்குத் தண்ணி இருந்துச்சா இல்லையான்னு இங்க இருக்கவுகளக் கேளுங்க."

"இடுப்பளவு கெடந்துச்சு" என்று ஒரு பெரியவர் கத்தினார்.

நான் நோட்டை விரித்து வாசித்தேன். மூன்று வருடம், ஒவ்வொரு தேதி, அலை உண்டா இல்லையா, எத்தனையாவது கல். இதை வைத்துத்தான் படத்தைத் திருத்தினேன் என்றேன். தொண்டு நிறுவனத்துப் பெண் அதிகாரி சாரிடம் கேட்டார், "காற்றைத் திருத்துவது உங்கள் அல்காரிதம் என்றீர்களே, அது எங்கே?" சார் மைக்கை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து மெதுவாக, "வெளிய பேசிக்கலாம், வாம்மா" என்றார். அந்தக் குரலில் இருந்த கெஞ்சலை நான் வருடக்கணக்கில் வைத்துத் தின்னலாம். நகரவில்லை. அவருக்குச் சொல்ல ஒரு வாக்கியம் மாதக்கணக்கில் தயாராக வைத்திருந்தேன். அதற்குள் கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது, சொல்ல இடம் கிடைக்கவில்லை. அது இன்னும் தொண்டையில்தான் இருக்கிறது.

வேலை அவரிடமிருந்து போய் எனக்கு வந்தது. வீட்டு மாடி அறையிலேயே கணினியைப் போட்டுத் தொடங்கினேன். செயற்கைக்கோள் நாட்களில் பழையபடி அக்காவுக்குப் போன் போட்டேன். எடுத்தார். "அலை இல்ல. ரெண்டாவது கல்லு காஞ்சு கெடக்கு." வைத்துவிடுவார். படத்திலும் கண்மாய் சுருங்கித்தான் தெரிந்தது. அக்கா சொன்ன பிறகு சந்தேகம் எதற்கு? தண்ணீர் உள்வாங்குகிறது என்று என் பெயர் போட்டு முதல் செய்தி அனுப்பினேன்.

அன்று மதியத்துக்குள் தொண்டு நிறுவனத்திலிருந்து போன். ஊரே சிரிக்கிறது, தண்ணீர் எல்லாக் கல்லையும் மூழ்கடித்து நிற்கிறது என்றார்கள்.

போனேன். அக்கா கரைமேல் உட்கார்ந்து எனக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தார். காற்று அவர் முடியைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

"எப்பிடி இருக்கு தாயி?"

நான் தண்ணீரில் கற்களைத் தேடினேன். அவரே தொடர்ந்தார்.

"இன்னைக்கி வர்ற மெசேஜப் பாக்காதீகன்னு நேத்தே எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. ஒனக்கு மட்டுந்தான்."

 நான் செய்ததைவிட நேர்த்தியாகச் செய்திருந்தார். என் பழி யார் யார் பாத்தியையோ மிதித்துக்கொண்டு போனது. அவருடையது நேராக என்மேல் மட்டும் வந்து விழுந்தது. மன்னிப்புக் கேட்டேன். "அத ஒங்கிட்டயே வச்சுக்க" என்றார். போன் எடுப்பதை அன்றோடு நிறுத்திக்கொண்டார்.

இப்போது மடைக்குப் பக்கத்து மோட்டார் அறையின் மொட்டைமாடியில் காற்றை அளக்கும் கருவி ஒன்று சுற்றுகிறது. கற்களைப் பார்த்துச் சொல்ல வேறு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். கண்மாய்க்குப் போகும்போது அக்காவைப் பார்க்கிறேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறார். போன கோடையில் ஒரே ஒரு தடவை, "அஞ்சாவது கல்லு சாஞ்சு கெடக்கு, கண்ணு தெரியலையா?" என்றார். நட்டு நேராக்கினேன்.

போன மாதம் சார் போன் செய்தார். வேறு மாவட்டத்தில் ஒரு பெரிய ஏரி வேலை கிடைத்திருக்கிறதாம், அங்கேயும் காற்றாம். திருத்தும் முறையைக் கொடுக்க முடியுமா என்றார். முதலில், எங்கள் கண்மாய்க் கணிப்பைச் செய்தது அவர் இல்லை, நான்தான் என்று கையெழுத்துப் போட்டு எழுதித் தரச் சொன்னேன். இரண்டே நாளில் வந்தது. என் பெயரின் முன்னெழுத்தைத் தப்பாகப் போட்டிருந்தார். திருப்பி அனுப்பினேன். திருத்தி அனுப்பினார். அதில் 'உதவினார்' என்று இருந்தது, அதையும் திருப்பி அனுப்பினேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது.

அந்த ஏரிக்கரை விவசாயிகள் சங்கத்தின் முகவரியைத் தேடி எடுத்து, முறை முழுவதையும் அவர்களுக்கு நேராக அனுப்பிவிட்டேன். சாருக்கு அனுப்பவில்லை. தினமும் காலையில் அவர் போன் வருகிறது. அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.